நாயகனின் கன்னத்தில் ஆணி அடிக்கக் கூடாது

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. பால்காரர் ஊற்றும்போது பாலைப் பார்க்க மாட்டேன், அவர் கட்டைவிரல் அளவைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஞாயிறு பூசையில் காணிக்கைத் தட்டு வந்தால், தட்டை நீட்டுகிறவருடைய இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று என் கண் தேடும். சாமியார் மன்னிப்பாராக. என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். அவருக்கு வெளுத்ததெல்லாம் பால். இப்படிப்பட்ட நாங்கள் இருவரும் சேர்ந்து நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் இருபது வருடமாகப் பந்து மிஷின் செய்து விற்கிறோம்.

பந்து மிஷின் என்பது நாங்கள் வைத்த பெயர். பின்பால் என்றால் சிலருக்குப் புரியும். கண்ணாடிக்கு அடியில் சரிவாக ஒரு பலகை. ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் இரும்புக் குண்டு மேலே ஏறி, ரப்பர் மாட்டிய ஆணிகளிலும் மணிகளிலும் மோதிப் புள்ளி சேர்த்துக்கொண்டு இறங்கி வரும். அடியில் இரண்டு பக்கமும் இரண்டு சிறிய தட்டிகள். அவற்றை நாங்கள் ‘கை’ என்போம். பட்டனை அழுத்தினால் கை குண்டை மறுபடி மேலே தட்டும். கை தவறினால் குண்டு குழியில் விழும், ஆட்டம் தீர்ந்தது.

வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் ஒரு கேம் சென்டரில் மிஷின் ரிப்பேர் பார்த்தவர். அதை மூடியபோது இரண்டு பழைய மிஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். பிரித்துப் பார்த்து, அதே போலச் செய்யக் கற்றுக்கொண்டார். மரவேலை, வயர், மோட்டார் எல்லாம் அவர் பொறுப்பு. பலகை என் பொறுப்பு. எந்த ஆணி எங்கே, எந்த மணி எங்கே, குண்டு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் நான் முடிவு செய்வது. எனக்குப் படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. பலகை படிப்பால் வரவில்லை, சந்தேகத்தால் வந்தது.

திருவிழாக் கடை விளையாட்டுகளில் பாதி ஏமாற்று. வளையம் வீசும் கடையில் வளையம் சோப்பு டப்பாவை விடச் சின்னதாக இருக்கும். பலூன் சுடும் துப்பாக்கியின் குழல் கோணலாக இருக்கும். சின்ன வயதிலிருந்தே அதையெல்லாம் கண்டுபிடித்துக் கடைக்காரரோடு சண்டை போடுவது என் வழக்கம். அதனால் நாமே ஒரு விளையாட்டைச் செய்ய வந்தபோது ஒரு வைராக்கியம் இருந்தது. ஆடுகிறவர் தோற்றால் அவர் கை தோற்றதாக இருக்க வேண்டும், நம் மிஷின் தோற்கடித்ததாக இருக்கக் கூடாது. பென்னாகரம் சாலையில் விளையாட்டுக் கொட்டகை வைத்திருப்பவர்கள், ஏற்காட்டில் வைத்திருப்பவர்கள், சேலத்துப் பொருட்காட்சிக்காரர்கள் எல்லோரும் ஒன்று சொல்வார்கள். நல்லம்பள்ளி மிஷின் ஏமாத்தாது. எங்களுக்கு இருந்த ஒரே சொத்து அந்தப் பேச்சுதான்.

அந்தப் பேச்சுக்குக் காரணம் ஓர் ஆணி. பலகையின் இடது ஓரத்தில் ஒரு சந்து உண்டு. குண்டு அந்தச் சந்துக்குள் போனால் கைக்கு எட்டாது, நேராகக் குழிதான். எல்லா மிஷினிலும் அப்படித்தான். நான் அந்தச் சந்தின் வாயில் ஓர் ஆணி வைத்தேன். அதுவும் நேராக இல்லை, கொஞ்சம் உள்பக்கம் சாய்த்து. குண்டு அந்த ஆணியைத் தொடும் நொடியில், ஆடுகிறவர் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் லேசாக ஒரு தட்டு தட்டினால், அது துள்ளி மறுபடி கைக்கு வந்துவிடும். ஓங்கித் தட்டினால் மிஷின் நின்றுவிடும். சரியான நேரத்தில், சரியான அளவில் தட்ட வேண்டும். பழகினவர்கள் அதை ‘உசுரு ஆணி’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதற்கான இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஒரு பலகை முழுக்க ஓட்டை ஓட்டையாகிச் சல்லடையானது.

இவ்வளவு இருந்தும் மிஷின் விற்பது பாடாகத்தான் இருந்தது. வாங்க வருகிறவர் ஆணியைப் பார்க்க மாட்டார். மிஷினின் நெற்றியில், மேலே நிமிர்ந்து நிற்கும் பலகையில், இருக்கும் படத்தைப் பார்ப்பார். நாங்கள் ஒகேனக்கல் அருவியையும் ஒரு முதலையையும் வரைந்து வைத்திருந்தோம். வந்தவரெல்லாம் கேட்டது ஒரே கேள்வி.

“இதுல யாரு படங்க்கா?”

“முதலைங்க.”

“முதலைக்கு யாருங்க்கா டோக்கன் போடுவாங்க?”

அதற்காக ஒரு தடவை, போர்டு எழுதுகிறவரிடம் சொல்லி ஒரு பெரிய நடிகரின் சாயலில் முகம் வரைந்தோம். அந்த மிஷின் சேலத்துக்குப் போன வேகத்தில் வக்கீல் கடிதமும் வந்தது. அந்த முகம் அவருடைய முகம், அதை வைத்து எதையும் விற்க அவருடைய அனுமதி வேண்டும் என்று எழுதியிருந்தது. வாங்கினவர் பயந்து முகத்தின் மேல் தாடி வரைந்துவிட்டார். நான் மட்டும், முகத்துக்கெல்லாம் லைசென்ஸா, இது யாரோ புதிதாகக் கிளப்பிவிட்ட பிழைப்பு என்று வாரக் கணக்கில் புலம்பினேன்.

அதனால்தான், சென்னையிலிருந்து ஒருவர் கழுத்தில் அடையாள அட்டை தொங்க எங்கள் கொட்டகை வாசலில் வந்து இறங்கியபோது முதலில் அவருடைய கார் எண்ணைப் போட்டோ எடுத்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். மெதுவான பேச்சு. வரப்போகும் ஒரு பெரிய படத்தின் பெயரையும் நாயகனின் முகத்தையும் பொம்மை, பை, பென்சில் பெட்டி போன்றவற்றில் போட உரிமை கொடுக்கும் கம்பெனியில் வேலை என்றார். இந்தத் தடவை விளையாட்டு மிஷினும் செய்ய நினைக்கிறார்களாம். தமிழ்நாட்டில் சொந்தமாகப் பலகை அமைத்துச் செய்கிறவர்கள் யார் என்று தேடியபோது எங்களைச் சொன்னார்களாம்.

“யார் சொன்னாங்க?” என்றேன்.

“சேலத்துல ஒருத்தர் மேடம். தாடி போட்ட மிஷின் வெச்சிருக்கார்.”

டீ வேண்டாம் என்றார். டீ குடிக்காத ஆளை எப்படி நம்புவது என்று நினைத்தேன். வீட்டுக்காரர் வற்புறுத்தியதும் வாங்கிக் குடித்தார். இவ்வளவு சீக்கிரம் மனசு மாறுகிறாரே என்று அதற்கும் சந்தேகப்பட்டேன். அவர் போன பிறகு அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து, வேறு ஆள் போலக் குரலை மாற்றி விசாரித்தேன். உண்மையான கம்பெனிதான். ஆனாலும் மனசு ஆறவில்லை. உண்மையான கம்பெனி என்றால் ஏமாற்ற மாட்டார்களா என்ன?

வீட்டுக்காரர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். “இந்த ஒருக்கா நல்ல மூஞ்சி வெச்சு ஓட்டிப் பாக்கலாம். முதலைய வெச்சு எத்தினி நாளைக்கு ஓட்டறது?”

ஒப்பந்தம் பதினாலு பக்கம் வந்தது. போனில் ஒவ்வொரு எழுத்தையும் விரலால் பெரிதாக்கிப் படித்தேன். புரியாத இடத்தைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரிடம் கொண்டுபோய்க் கேட்டேன். அதோடு தனியாக ஒரு விதிப் பட்டியலும் வந்தது. படத்தை எப்படிப் பயன்படுத்தலாம், எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று. அதைப் படித்து நான் சிரித்த சிரிப்புக்கு வீட்டுக்காரர் கையிலிருந்த இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு வந்து என்னவென்று கேட்டார்.

நாயகன் குழிக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. அவர் முகத்துக்குக் கீழே ‘ஆட்டம் முடிந்தது’ என்ற எழுத்து வரக் கூடாது. வில்லனுக்குக் கீழே நாயகன் நிற்கக் கூடாது. வில்லனாக நடித்தவரின் ஒப்பந்தம் தனி, பொம்மைகளுக்கு அவர் முகம் கிடையாது, அதனால் வில்லனின் முதுகை மட்டும் போட்டுக்கொள்ளலாம். கதாநாயகிக்கும் அப்படித்தான், ஆனால் அவருக்கு முதுகும் கிடையாது. பாட்டு வேறொரு கம்பெனிக்குச் சொந்தம், ஆகவே பாட்டு கூடாது. விசில் சத்தம் பரவாயில்லை. மணிகள் நாயகன் மேல் படக் கூடாது. நாயகனின் முகத்தில் எதையும் அடிக்கவோ திருகவோ ஒட்டவோ கூடாது.

“அப்ப எனுக்குப் பலகைல என்னாதான் மிச்சம்?” என்று சென்னைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

“அதுக்குத்தான் மேடம் முதல்ல உங்க வரைபடம் அனுப்பச் சொல்றோம். உங்க பார்ட்டெல்லாம் எங்கெங்க வருதுன்னு பாத்து, காலி இடத்துல அவங்க ஆர்ட் பண்ணுவாங்க. அதுக்கு அப்ரூவல் வந்துட்டா பிரிண்ட்.”

அதாவது என் பலகையை நான் முழுசாக எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கேதான் எனக்கு உதைத்தது. முகத்துக்கு உரிமை கேட்கிறவர்கள், சத்தத்துக்கு உரிமை கேட்கிறவர்கள், என் வரைபடத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நாளைக்கு அதுவும் எங்களுடையது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

எங்கள் பக்கத்துப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மாங்காய் ஊறுகாய் நன்றாக இருக்கிறது, பக்குவம் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டோம். அது மரியாதை இல்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவிடுவோம். வெந்தயத்தை வறுக்க வேண்டும் என்று சொல்வோம், எப்போது போட வேண்டும் என்று சொல்ல மாட்டோம். கேட்டவள் வீட்டில் போய்ப் போட்டுப் பார்த்து, எனக்கு மட்டும் ஏன் அந்தக் கைமணம் வரவில்லை என்று தன்னையே நொந்துகொள்வாள். யாருக்கும் யார் மேலும் வருத்தம் இருக்காது.

நானும் அதைத்தான் செய்தேன். வரைதாளில் எல்லா ஆணியையும் அளவோடு குறித்தேன். உசுரு ஆணியை மட்டும் விட்டுவிட்டேன். இடது சந்தின் வாய் வெறுமையாக, பல் முளைக்காத குழந்தையின் வாய் போல இருந்தது. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார் என்று தெரியும். பலகை கண்ணாடிக்கு அடியிலதான இருக்குது, ஒரு மிஷின வாங்கி யார் வேணும்னாலும் அளந்துக்கலாமே என்பார். அது உண்மைதான். ஆனால் திருடுகிறவன் அளந்து திருடட்டும், நானே எழுதித் தட்டில் வைத்துக் கொடுக்க மாட்டேன். இதுதான் அன்றைக்கு என் நியாயம். இன்றைக்கு எழுதும்போது கேவலமாகத்தான் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்துச் சென்னைக்காரர் போன் செய்தார்.

“மேடம், வரைபடம் ரொம்ப நீட்டா இருக்கு. கீழ இடது பக்கம் மட்டும் காலியா இருக்கே, அங்க எதுவும் வராதா?”

இவனுக்கு ஏன் அந்த இடத்தில் கண், என்று சுருக்கென்றது. மற்ற இடத்தையெல்லாம் விட்டு அங்கே கை வைக்கிறான் என்றால் விஷயம் தெரிந்துதான் நோண்டுகிறான்.

“ஒண்ணும் வராதுங்க” என்றேன்.

“கன்ஃபார்மா மேடம்? அப்புறம் மாத்த முடியாது.”

“அதான் வராதுன்னு சொல்றேனுங்களே.”

“சரிங்க மேடம், சாரி” என்று வைத்துவிட்டார். சாரி சொன்னதும் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். மடியில் கனம் வைத்திருந்தவள் நான், வழியில் பயப்படாமல் அவர் மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

பிறகு படம் வரைந்து, நாயகன் தரப்பில் பார்த்து, சிகப்பு முத்திரையோடு கையெழுத்துக்கு வந்தது. கூடவே நான்கு பக்கக் கடிதம். கடிதத்தின் எழுத்தையெல்லாம் பெரிதாக்கிப் படித்தேன். முத்திரை நிஜமா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தை மட்டும் போன் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பார்த்து, நல்ல நிறமாக இருக்கிறது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஏமாற்று எப்போதும் எழுத்தில்தான் ஒளிந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

எட்டு மிஷினுக்கான அச்சுத் தாள்கள் பார்சலில் வந்தன. பலகை மேல் அப்படியே ஒட்ட வேண்டிய வழவழப்பான தாள். நான் அன்றைக்குக் கடத்தூரில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் வீட்டுக்காரர் முதல் பலகையில் தாளை ஒட்டிவிட்டார். ஆணிகளுக்குத் துளை போட எங்களிடம் ஓர் அச்சுப் பலகை உண்டு. புதிய பலகையின் மேல் அதை வைத்து, அதன் ஓட்டைகள் வழியாகத் துரப்பணத்தை இறக்க வேண்டியதுதான். வருடக் கணக்காக அதே அச்சு. அதில் உசுரு ஆணியின் ஓட்டை இருந்தது. அவர் எல்லா ஓட்டையிலும் துளைத்தார். அச்சை எடுத்துவிட்டுப் பார்த்தவர், நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கூப்பிட்டார்.

“இங்க வா கொஞ்சம். என்னா இது?”

போய்ப் பார்த்தேன். பலகையின் கீழே இடது பக்கம், காலி இடம் என்று நான் எழுதிக் கொடுத்த இடத்தில், இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு நாயகனின் முகம் சிரித்தது. சிரித்த கன்னத்தின் நடுவில் துளை.

“வரைபடத்துல ஆணி போட்டுத்தான அனுப்புன?” என்றார்.

அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் என்னைத் திட்டிய நாட்களை விரல் விட்டு எண்ணலாம். அன்றைக்கும் திட்டவில்லை. துரப்பணத்தின் வயரைச் சுற்றிச் சுவரில் மாட்டிவிட்டு, “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலை சென்னைக்காரர் முதல் மிஷினைப் பார்வையிட வருவதாக இருந்தது. துளையை மெழுகு வைத்து அடைக்கலாம் என்றார் வீட்டுக்காரர். நான் ஆணியை அடித்தே வைத்தேன். ஆணி இல்லாத பலகையை என்னால் ஓடவிட்டுப் பார்க்க முடியவில்லை. மச்சம் என்று சொல்லிச் சமாளிக்கலாமா என்றுகூட நினைத்தேன். வந்தவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

“மேடம், இது என்ன?”

“அது… அந்த ஆணி அங்கதாங்க வரும்.”

“நீங்க ஒண்ணும் வராதுன்னீங்களே. ரெண்டு தடவ கேட்டேனே மேடம். வருதுன்னு சொல்லியிருந்தா முகத்த வலது பக்கம் வெக்கச் சொல்லியிருப்பேன். அதுக்குத்தான் கேட்டதே.”

அவர் குரலை உயர்த்தவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வழக்கம்போல நான் ஜன்னலுக்குப் பின்னால் போய் நின்று ஒட்டுக் கேட்டேன். எங்களை மாட்டிவிடப் போகிறார், ஒப்பந்தத்தை மீறினதாகச் சொல்லி எதையோ பிடுங்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

“இல்ல சார், அவங்க மேல தப்பில்ல” என்றது அவர் குரல். “நான்தான் நேர்ல வந்து பாத்திருக்கணும். போன்லயே முடிச்சுட்டேன்… ஆமா சார், என் மிஸ்டேக்தான்… புது ஆர்ட்டுக்கு டைம் கேட்டுப் பாக்க முடியுமா சார்?”

ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டேன். கூசியது.

நேரம் கிடைக்கவில்லை. நாயகன் தரப்பில் மறுபடி ஒப்புதல் வாங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அடுத்த வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது. அன்றைக்கு மிஷின்கள் விற்பனைக்குத் தயாராக இருந்தே ஆக வேண்டும். படம் ஓடும்போது விற்றால்தான் முகத்துக்கு விலை, ஓடி முடிந்தால் முதலையும் நாயகனும் ஒன்றுதான். முகத்தில் ஆணியோடு ஒரு மிஷின் வெளியே போனால் ரசிகர்கள் கொட்டகைக்கே வந்துவிடுவார்கள் என்றார் சென்னைக்காரர். மிரட்டலாகச் சொல்லவில்லை, கவலையாகத்தான் சொன்னார்.

“ரெண்டே வழிதான் மேடம். ஆணி இல்லாம அனுப்பறது, இல்ல லைசென்ஸ விட்டுடறது. நீங்கதான் சொல்லணும்.”

வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டுப் பெட்டிகள் பின்னால் வரிசையாக நின்றன. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஓர் ஆணிதானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று தோன்றியது. கண்ணாடியைக் கழற்றி, குறடால் ஆணியை நானே பிடுங்கினேன். வீட்டுக்காரர் துளையில் மெழுகை வைத்து, அதன் மேல் தோல் நிறத்தில் ஒரு புள்ளி சாயம் வைத்தார். சென்னைக்காரர் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மற்ற ஏழிலும் அந்த ஓட்டையை விட்டுவிட்டுத்தான் துளைத்தோம். ஒப்பந்தப்படி ஒவ்வொரு மிஷினின் நெற்றியிலும் நாயகனின் பெயர் பெரிதாகவும், ‘தயாரிப்பு’ என்று போட்டு எங்கள் ஊர் பெயர் சின்னதாகவும் இருந்தது.

எட்டும் ஒரே வாரத்தில் போய்விட்டன. இப்படி ஒருநாளும் நடந்ததில்லை. யாரும் யாரு படங்க்கா என்று கேட்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பத்து நாள் கழித்துப் பென்னாகரம் கொட்டகைக்காரர் போன் போட்டார். எங்களிடம் முன்னாலேயே மூன்று முதலை மிஷின் வாங்கினவர்.

“அக்கா, மிஷினு அருமையா போவுதுங்க்கா. இன்னொண்ணு கெடைக்குமா?”

“எப்புடி அருமையா?”

“அட, நீங்க ஒருக்கா வந்து பாருங்க்கா.”

பாராட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் எனக்கு. அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் தருமபுரி வந்து பென்னாகரம் பஸ் ஏறினேன். வீட்டுக்காரர் வரவில்லை. விடுமுறை நாள், ஒகேனக்கல் போகிறவர்களும் வருகிறவர்களும் கொட்டகை முன் வண்டியை நிறுத்தி மொய்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மிஷின் முன்னால் மட்டும் வரிசை. முதலை மிஷின்களைச் சுவரோரம் தள்ளி, அவற்றின் மேல் சிப்ஸ் பாக்கெட் அடுக்கியிருந்தார்கள்.

கொட்டகைக்காரர் என்னை ஓரமாக அழைத்து, சந்தோஷத்தோடு சொன்னார். “மின்னாடி மிஷின்ல பழகுனவன் ஒரு டோக்கன்ல அரைமணி நேரம் நின்னுக்குவான் அக்கா. இதுல அந்த வம்பில்ல. பந்து வெடுக்கு வெடுக்குனு வுழுந்துருது. மூஞ்சிக்காகத் திரும்பத் திரும்பப் போடறாங்க. நல்லா ரோசன பண்ணித்தான் அந்த ஆணிய எடுத்திருக்கீங்க.”

நான் யோசித்துத்தான் எடுத்தேன் என்று அவர் நம்பினார். வளையத்தைச் சின்னதாக்கிய கடைக்காரனைப் பார்த்து இன்னொரு கடைக்காரன் கண்ணடிப்பது போல அவர் என்னைப் பார்த்தார். எனக்கு முகம் எரிந்தது.

“ஒரு துரப்பணம் இருந்தாக் குடுங்க. நான் அந்த ஆணிய அடிச்சுட்டுப் போறேன்” என்றேன்.

“என்னா அக்கா வெளையாடுறீங்க? அவரு மூஞ்சிலயா? அதுவுமில்லாம, நல்லா ஓடறத எதுக்கு நோண்டணும்?”

அப்போது மிஷின் முன்னால் ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். காக்கிச் சட்டை, தோளில் கண்டக்டர் பை. பஸ் கிளம்ப நேரம் இருந்திருக்க வேண்டும். நான் அவர் கையைத்தான் பார்த்தேன். பட்டனை வீணாக அழுத்தவில்லை. குண்டு வரும் வரைக்கும் பொறுத்து, விரல் நுனியால் தொட்டார். எங்கள் முதலை மிஷினில் பழகிய கை. குண்டு இடது சந்தை நோக்கிச் சாய்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் ‘போச்சு’ என்றார்கள். அவர் பதறவில்லை. குண்டு சந்தின் வாய்க்கு வந்த அந்த நொடியில், நான் இரண்டு வருடம் பலகையைச் சல்லடையாக்கித் தேடிய அதே நொடியில், பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் லேசாக ஒரு தட்டு தட்டினார். அவ்வளவு சரியாகத் தட்டி நான் யாரையும் பார்த்ததில்லை.

குண்டு தொட அங்கே ஒன்றும் இல்லை. நாயகனின் சிரிப்பு மேல் உருண்டு குழியில் விழுந்தது.

அவர் குனிந்து கண்ணாடி வழியாக அந்த இடத்தைப் பார்த்தார். நிமிர்ந்து நெற்றியில் இருந்த சின்ன எழுத்தை வாய்விட்டுப் படித்தார். எங்கள் ஊர் பெயர்.

“நல்லம்பள்ளி மிஷினுன்னு நம்பி ஆடுனேன்” என்றார் யாரிடமென்று இல்லாமல். “இவங்களும் ஏமாத்த ஆரம்பிச்சிட்டாங்க.”

என்னால் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வரிசையை விலக்கிக்கொண்டு அவரிடம் போனேன். இருபது வருடத்தில் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் சொல்லாததை, முன்பின் தெரியாத அந்த மனிதருக்குச் சொன்னேன். மிஷின் செய்தது நான்தான் என்றேன். கண்ணாடி மேல் விரலை வைத்து, ஆணி இங்கே வரும், இவ்வளவு சாய்வாக வரும் என்று காட்டினேன். ஏமாற்ற எடுக்கவில்லை, முகத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்று விதி, வரைபடத்தில் நான் மறைத்ததால் முகம் இங்கே வந்துவிட்டது, எல்லாம் என் தப்பு என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். என் விரலைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் நின்ற கொட்டகைக்காரரைப் பார்த்தார்.

“ஏமாத்தலன்னு, செஞ்சவங்க நீங்களே சொல்றீங்க” என்றார். “அப்ப வேறெப்புடிச் சொல்லுவீங்க?”

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். அவர் பையைச் சரிசெய்துகொண்டு, வரிசையில் அடுத்து நின்றவரிடம், “இதுல போடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினார்.